மண் ஒட்டாத கருவியை நம்பாதவர்

ஓட்டிப்பார்ப்பவர் என்றொரு இனம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைச் சீமையில் மழை பொய்த்த வருஷத்திலும் இந்த இனத்தின் விளைச்சல் மட்டும் குறைந்ததில்லை. எங்கள் ஊர் இயந்திரக் கண்காட்சிக்கு வந்து பாருங்கள். இத்தாலிக் கலப்பை, துருக்கிப் பரம்பு, சீனக் கொழு என்று கடல் தாண்டி வந்த ஒவ்வொன்றையும் காலால் உதைத்து, விரலால் தட்டி, குனிந்து அடிவயிற்றை ஆராய்ந்து, பக்கத்துக் கூடாரத்தில் சாசேஜ் வைத்த ரொட்டியை மென்றபடி திரும்பி வந்து இன்னோர் உதையும் கொடுத்து, "எல்லாம் பெயின்ட்டு. மண்ணுல எறங்கட்டும், பேசுவோம்" என்பார். வாங்குவாரா? உதை இலவசம், அவ்வளவுதான்.

எப்போதாவது வாங்கியும் தொலைப்பார். அங்கேதான் வினை.

நெவில் பார்ட்ரமை எடுத்துக்கொள்ளுங்கள். லூபின் பயறு விதைத்திருந்தார். வரிசைகளுக்கு நடுவே காட்டு முள்ளங்கி முளைத்தது. எந்த மருந்துக்கும் சாகாத ஜாதி. பயிர் வளர்ந்து வரிசை மூடுவதற்குள் கொத்தி எடுக்காவிட்டால் அந்த வருஷத்து வெள்ளாமை போச்சு. டென்மார்க்கில் பழைய களைக்கொத்தும் இயந்திரம் ஒன்று இருந்தது. இப்படித் தருவித்துக் கொடுப்பதுதான் எங்கள் கடையின் தொழில். விற்பவர் அதை நீராவியால் கழுவிக் கப்பலுக்குத் தயாராக வைத்திருந்தார்.

நான் விற்பவரோடு பேசிக்கொண்டிருந்த போனை நெவில் பிடுங்கினார். "கழுவிட்டா எப்படிய்யா தெரியும்? வயல்ல எறக்கி ஓட்டு. நான் வீடியோல பாக்கணும்."

நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டித் தடுத்தேன். "நெவில், வேணாம். வெளிநாட்டு மண்ணு, விதை துளி ஒட்டியிருந்தாலும் துறைமுகத்துல நிறுத்திடுவாங்க."

"தம்பி, நீ படிச்சவன். நான் ஓட்டிப் பாத்தவன்."

அங்கே ஈர வயலில் ஓட்டினார்கள். இங்கே இவர் கைதட்டினார். அவசரமாகத் துடைத்துக் கப்பலேற்றினார்கள். ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து சோதனை அதிகாரி அம்மா கூப்பிட்டார்.

"மிஸ்டர் பார்ட்ரம், உங்க இயந்திரத்தோட குழாய்க்குள்ள மண்ணு இருக்கு."

"பின்ன! ஓட்டிப் பாத்துத்தானே வாங்கினேன்!" என்றார், பரிசு விழுந்தவர் போல.

"விதையும் இருக்கு. காட்டு முள்ளங்கி."

"அட, அது எங்க வயல்லயே எக்கச்சக்கமா இருக்கே. உள்ள விடுங்கம்மா."

"இருக்கிறது பத்தாதுன்னு இறக்குமதி வேறயா?"

இயந்திரத்தைக் கழற்றினார்கள், கழுவினார்கள், மறுபடி சோதித்தார்கள், மறுபடி கழுவினார்கள். இந்தச் சடங்குகளுக்காக முள்ளங்கி காத்திருக்குமா? கடைசியில் பளபளவென்று லாரியிலிருந்து இறங்கியபோது லூபின் வரிசைகள் கைகோத்து மூடியிருந்தன. சக்கரம் வைக்க இடமில்லை. அதற்கு மேலே முள்ளங்கி மஞ்சளாகப் பூத்துச் சிரித்தது.

"நெவ், இதையாவது ஓட்டிப் பாக்காம ஷெட்டுல விடு" என்றார் மனைவி கிளெனிஸ்.

எங்கள் ஊரில் அடுத்தவன் வயலைப் பார்ப்பதற்கென்றே வண்டியை மெதுவாக ஓட்டும் வழக்கம் உண்டு. பக்கத்துப் பண்ணை ராய்ஸ் வந்தார். ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார். வண்டியையும் நிறுத்தினார்.

"என்ன மச்சான், இந்த வருஷம் கனோலாக் கடுகா? மஞ்சளா ஜொலிக்குதே!"

"ஆமா."

"லூபின் நடுவுலயா?"

நெவில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சோதிச்சுப் பாக்குறேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மாம்பழத்தை அமுக்கியே கன்ற வைத்துவிட்டு, "பழம் சரியில்லை" என்று கூடையில் திரும்பப் போடுபவர் நீங்கள் இல்லைதானே? இந்தக் கட்டுரை தேறுமா என்று முடிவை முதலில் எட்டிப் பார்த்தவரும் நீங்கள் இல்லைதானே?

எதற்கும் செருப்பைக் கழுவிக்கொண்டு வாருங்கள். துறைமுகத்தில் அந்த அம்மா நிற்கிறார்.