எந்தப் பக்கம் என்று சொல்லாத லொறியர்

சுவிற்சர்லாந்தின் பனிமலையைப் பார்த்து முகத்தைச் சுளித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் லொறியர். ஜப்பான்காரரும் அமெரிக்கரும் சேமித்த காசைக் கொட்டி வந்து வாயைப் பிளந்து பார்க்கிற மலையை, துன் நகரத்து அகதி விடுதியின் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று அவர் ஒரு தடவை பார்த்தார். பிறகு திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார்.

"இன்னாடா இது? எங்க பாத்தாலும் செவுரு. கோதுமை எங்க வெதைப்பான்?"

"அது மலை அண்ணை. அழகுக்கு" என்றேன்.

"அழகைத் துன்ன முடியுமா? இதெல்லாம் இடிச்சுத் தள்ளினா நல்ல நெலம்டா. சோம்பேறிப் பசங்க."

லொறியர் பஞ்சாபி. தாடி, தலைப்பாகை, கையில் இரும்பு வளையம், கதவுக்குள் நுழையாத தோள். பஞ்சாபில் இருந்து மெட்ராசுக்குக் கம்பளி ஏற்றி லொறி ஓட்டியவர். மெட்ராஸ் லொறிப்பேட்டையில் படித்த தமிழோடு வந்து எங்கள் அறையில் காலியாகக் கிடந்த கட்டிலைப் பிடித்தார். அந்தத் தமிழில் மரியாதைச் சொல் ஒன்றும் கிடையாது. பேட்டையில் யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால் முதலில் அடிபட்டவர் மாஸ்டர். மாஸ்டர் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் புவியியல் படிப்பித்தவர். ஊரில் அவரைக் கண்டால் சைக்கிளில் வருகிறவன் இறங்கி நடப்பான். முதல் நாள் காலை லொறியர் அவருடைய போர்வையை இழுத்து, "டேய் கண்ணாடி, எந்திரி. டீ ரெடி" என்றார்.

மாஸ்டருக்குக் கண் சிவந்துவிட்டது. "தம்பி, இந்த மனுசனிட்ட 'நீங்கள்' எண்டு கதைக்கச் சொல்லும். இல்லையெண்டா நான் அறை மாறிப் போறன்."

நான் போய்ச் சொன்னேன். லொறியர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். மறுநாள், "டேய் கண்ணாடி, நீங்க எந்திரி" என்றார்.

நானோ எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீடு எரிந்தது. பிறகு கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பேர்லின், கடைசியாக இறைச்சி ஏற்றுகிற குளிர் லொறி ஒன்றில் இறைச்சியோடு இறைச்சியாகத் தொங்காத குறையாக வந்து சேர்ந்தேன். லோசானில் ரயில் நிலையத்து வாங்கில் சில நாள் படுத்தேன். துன்னுக்கு அனுப்பினார்கள். இதைச் சொன்னபோது கேட்டவர்கள் எல்லாரும் 'ஐயோ, குளிரவில்லையா?' என்றார்கள். லொறியர் மட்டும், "எத்தனை கியர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூடிய பெட்டிக்குள் இருந்தவனுக்கு எப்படித் தெரியும்? "சத்தம் வச்சுச் சொல்லணும்டா" என்று என்னை ஒரு மாதம் இளக்காரமாகப் பார்த்தார்.

அவர் எண்பத்து நாலாம் ஆண்டுக்காரர். டில்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்ற கலவரத்தில் அவருடைய லொறியைக் கிளீனரோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். அவர் அந்த நேரம் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அதன் பிறகு ஊரில் ஒரு நாள் போலீஸ் ஜீப் வந்து அவருடைய தம்பியை ஏற்றிக்கொண்டு போனது. ஜீப் அடுத்த நாளும் வந்தது, இந்த முறை அண்ணனைத் தேடி. தம்பி வரவில்லை. அண்ணன் ஓடி வந்துவிட்டார். எங்களுக்கு எண்பத்து மூன்று, அவருக்கு எண்பத்து நாலு. ஆகவே எரிந்ததில் நாங்கள் ஒரு வகுப்பு மூத்தவர்கள் என்று அறையில் முடிவு செய்தோம். அவரும் ஒத்துக்கொண்டார். அதற்காக அவருக்குக் கடைசியாகத்தான் குளியலறை.

காலையில் விடுதியின் நடைவழி அவருடையது. தலைப்பாகைத் துணி ஒரு சேலையின் நீளம். அதை மடித்து எடுக்க எதிர்முனையை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். நான் இல்லாத நாளில் அந்த வழியால் வந்தவர் எவரானாலும் முனை கைக்கு வந்துவிடும். ஒரு நாள் விடுதிப் பொறுப்பாளரான சுவிஸ் அம்மாவே கோப்புகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டு நின்றார். "இழு, இழு! சாப்பிடல நீ?" என்று லொறியர் தமிழில் அதட்டினார்.

வாரத்தில் பாதி நாள் பஞ்சாப் பிரசங்கம் நடக்கும். அவர் கணக்கில் உலகத்தில் நல்லதாக இருக்கிற எல்லாம் பஞ்சாபில் தொடங்கியது. நெய், கலப்பை, கல்யாண ஆட்டம், சண்டை. ஊர் அவ்வளவு சமதரையாம். மாமனார் புறப்பட்டு வருவது காலையிலேயே தெரியுமாம். அவர் நடந்து வந்து சேர்வதற்குள் அல்வா கிண்டி ஆறவும் வைத்துவிடலாமாம். உலகத்தைப் பிடிக்கப் புறப்பட்ட கிரேக்க ராசா ஒருவனின் கதையும் உண்டு. "பியாஸ் ஆறு வரைக்கும் வந்தான். எங்க ஆளுங்க லஸ்ஸி குடுத்தாங்க. அவன் பட்டாளம் பூரா குடிச்சுது. தூக்கம் வந்திச்சு. வூட்டுக்குத் திரும்பிட்டான்."

"அது அப்பிடியில்லை" என்று மாஸ்டர் தொடங்குவார். "சிப்பாய்மார் களைச்சுப்போய் வரமாட்டம் எண்டவங்கள்."

"அதான் சொல்றேன். லஸ்ஸி."

ஒரு மாலை சமையலறை மேசையில் ரொட்டி மாவை ஐந்து கயிறாகத் திரித்து வைத்தார். ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ். அஞ்சு ஆறு ஓடுவதால்தான் அந்த நாட்டுக்குப் பஞ்சாப் என்று பெயர் என விளக்கினார். எந்த ஆற்றங்கரையில் கரும்பு, எங்கே எருமை, எங்கே பெண்கள் வாய்க்காரிகள் என்று எல்லாம் சொன்னார். செனாப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான் பிறந்தாராம்.

மாஸ்டர் மேசைக் கத்தியை எடுத்து, மாவை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் வெட்டினார். "நாப்பத்தேழில இப்பிடி வெட்டினவங்கள். நீங்கள் பிறந்த ஊர் அந்தப் பக்கம். பாகிஸ்தான். நீங்கள் வளந்தது இந்தப் பக்கம். இந்தியா."

"பக்கமா? ஆத்துக்கு ஏதுடா பக்கம்?"

"ஆத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கு. கரை எண்டு சொல்லுறது."

லொறியர் வெட்டின இரண்டு துண்டையும் அள்ளிப் பிசைந்து ரொட்டி சுட்டு, சூட்டோடு மாஸ்டருடைய தட்டில் போட்டார்.

"இப்ப சொல்லு. எந்தப் பக்கம்?"

"கருகின பக்கம்" என்றார் மாஸ்டர். ஆனால் சாப்பிட்டார். அன்றைக்கு நான் சட்லெஜில் பாதியாவது தின்றிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமையில் லங்கர். அதாவது சீக்கியர்களுடைய கோயிலில் எவர் வந்தாலும் ஒரே வரிசையில் நிலத்தில் இருந்து சாப்பிடுகிற வழக்கம். துன்னில் கோயில் இல்லை என்பதால் நடைவழியில் வைத்தார். அவரிடம் இருந்தது பெரிய பானையும் பருப்பும்தான். வரிசையில் எங்கள் ஊரின் எல்லாச் சாதிப் பொடியன்களும் இருப்பதைக் கண்ட மாஸ்டர் என்னை மூலைக்குக் கூப்பிட்டார். "தம்பி, வரிசை சரி. ஆனால் ஆருக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது எண்டு ஒரு ஒழுங்கு இருக்கல்லோ? ஊரில இவையளோட நாங்கள் இருந்து சாப்பிட்டனாங்களோ?"

லொறியருக்கு விசயம் விளங்கிவிட்டது. மாஸ்டருடைய தோளில் கை வைத்து அமுக்கினார். "வயிறு இருக்கா? குந்து."

மாஸ்டர் குந்தினார். அந்தத் தோளில் அந்தக் கை இருந்தால் மாடும் குந்தும். தீப்பிடித்தால் ஓடுகிற வழியை அடைக்கக் கூடாது என்று சொல்ல வந்த விடுதி அம்மாவும் ஐந்து நிமிடத்தில் சப்பாணி கட்டி இருந்தார். இரண்டாம் தரம் பருப்பு வாங்கினார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தீப்பிடிக்காது என்று அவரும் நம்பத் தொடங்கினார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு விசாரணையில் வந்தது வில்லங்கம். பேர்ன் நகரத்து அலுவலகத்தில் முதலாவது கேள்வியே பிறந்த இடம்.

"பஞ்சாப்."

"இந்தியாவா, பாகிஸ்தானா?"

"நான் பொறக்கும்போது பாகிஸ்தான் பொறக்கல. நான் அதுக்கு மூத்தவன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். இரண்டாவது தடவை கூப்பிடுவோம், அப்போதும் ஒழுங்காகப் பதில் இல்லையென்றால் ஆள் தன் ஊரை மறைக்கிறான் என்று எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புவோம் என்று சொல்லி விட்டார்கள். திருப்பி என்றால் அந்த ஜீப்புக்கு. அறையில் அது எல்லாருக்கும் தெரியும்.

மாஸ்டர் பயிற்சி தொடங்கினார். தானே அதிகாரியாக மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"பிறந்த நாடு?"

"பஞ்சாப்."

"அண்ணை, சாகப்போறியள்! இந்தியா எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன?"

"பொய்டா. என் தொப்புள்கொடி அந்தப் பக்கம்."

"அப்ப பாகிஸ்தான் எண்டு சொல்லுங்கோ!"

லொறியர் தாடியைச் சொறிந்தார். "சொன்னா அங்க அனுப்புவான். என் வூட்ல இப்ப எவனோ குந்தியிருக்கான். நான் போய் நின்னா அவன் எங்கடா போவான்?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 'அண்ணை' என்று அவர் வாயில் வந்ததை அவரே கவனிக்கவில்லை.

இரண்டாம் விசாரணைக்கு நான் கூடப் போனேன். எனக்கு ரயில் மாறத் தெரியும், அவ்வளவுதான். நான் வெளி வாங்கில் இருந்தேன். கதவு பூட்டியிருந்தது. பிறகு இரண்டு குரல் வெடித்தது. ஒன்று லொறியர். மற்றது மொழிபெயர்க்க வந்த மெலிந்த மனிதர். மேசையில் அடிக்கிற சத்தம். நான் எழுந்து நின்றுவிட்டேன். முடிந்தது, ஆளை இனி விமானத்தில்தான் பார்க்கலாம் என்று நினைத்தேன். பிறகு யாரோ மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது.

உள்ளே நடந்ததைத் திரும்பி வரும்போது ரயிலில் லொறியர் எல்லா வேடமும் கட்டி நடித்துக் காட்டினார். எதிரில் இருந்த குடும்பம் பெட்டி மாறிப் போனது.

மொழிபெயர்ப்பாளர் லாகூர்க்காரர். பாகிஸ்தான் பஞ்சாபி. ஆனால் அவருடைய தகப்பன் நாற்பத்தேழில் ஜலந்தர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றை விட்டு ஓடியவர். லொறியருடைய ஆட்கள் எதிர்ப்பக்கம் ஓடி வந்து குடியேறியதும் ஜலந்தர்ப் பக்கம்தான். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அந்த மனிதர், "என் அப்பாவின் கிணறு! உலகத்திலேயே இனிப்பான தண்ணீர்!" என்றாராம்.

"அது தூர்ந்து போச்சு. இப்ப அங்க டிராக்டர் மெக்கானிக் கடை" என்று லொறியர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

அங்கேதான் வெடித்திருக்கிறது. கிணற்றை நீங்கள் கெடுத்தீர்கள், எங்கள் செனாப்பில் எருமையை நீங்கள் மெலிய விட்டீர்கள் என்று இரண்டு பேரும் எழுந்து நின்று ஒருவரை ஒருவர் ஏசினார்களாம். கடைசியில் கட்டிப்பிடித்து அழுதார்களாம். அதிகாரி மேசையில் அடித்தார்.

"இந்த ஆள் எந்த ஊர்?"

மொழிபெயர்ப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னுடைய ஊர், ஐயா" என்றார்.

"அப்போ நீ எந்த ஊர்?"

"அவருடைய ஊர்."

அதிகாரி ஜன்னலைத் திறந்து சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. மறுப்பு. வெளியேற்றுவதற்குப் பயணப் பத்திரம் தேவை. ஒரு தூதரகம், ஆள் பிறந்தது எங்கள் மண்ணில் இல்லை, யோசிக்க வேண்டும் என்றது. மற்றத் தூதரகம், ஆள் எங்கள் குடிமகன் இல்லை, யோசிக்கவே மாட்டோம் என்றது. கோப்பு போய்ப் போய் வந்தது. ஏற்க ஒரு நாடும் இல்லாததால் அனுப்ப ஒரு வழியும் இல்லை. 'தற்காலிகமாக இருக்கலாம்' என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு ஊரையும் தெருவையும் சரியாகச் சொன்ன மாஸ்டருக்கு அந்த அட்டை இன்னும் வரவில்லை.

"தம்பி, நானும் எந்தப் பக்கம் எண்டு தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமோ?" என்றார்.

லொறியர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயியிடம் மாடு பராமரிக்கிற வேலைக்குப் போனார். மாடுகள் நல்லவையாம், ஆனால் மலையில் ஏறி இறங்கி மூளை குழம்பினவையாம்.

அடுத்த வசந்தத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அதே அலுவலகம், வேறு அறை, தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஊர், தெரு, வீடு எரிந்தது, எல்லாம் சொன்னேன். கடைசிக் கேள்வி, இந்த நாட்டில் உமக்கு உறவினர் யாராவது உண்டா என்பது. எனக்கு ஒருவரும் இல்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம். ஒரு அண்ணை இருக்கிறார்."

"எங்க பிறந்தவர்?"

"பஞ்சாப்."

மொழிபெயர்ப்பாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, விளையாடாதையும். உம்மட வழக்குத்தான் பாழாகும். கூடப் பிறந்த அண்ணையோ?"

"ஓம்" என்றேன். "அப்பிடியே எழுதச் சொல்லுங்கோ."