முதல் வண்டியில் எந்த ஒபதியா?

ஊர்வலத்தின் முதல் வண்டியில், மில்ட்ரெட் டட்டில் வருஷாவருஷம் உட்காரும் இடத்தில் டோரீன் உட்கார்ந்துகொண்டு, கையுறை போட்ட கையை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் இருக்கையில் அவள் புருஷன் வெர்னன். மில்ட்ரெட் வண்டியருகே வந்து நின்றாள்.

"எந்திரிடி! அது இந்த ஊரை உண்டாக்கின ஒபதியா டட்டிலோட வாரிசுக்கு உள்ள இடம்."

"நானும் ஒபதியா டட்டில் வம்சம்தான்."

மில்ட்ரெட் வண்டிக் கதவைப் பிடித்து இழுத்தாள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து அந்தக் கிராமத்தில் அவளுக்கு இருந்த பெருமையே இந்த இருக்கைதான். போதாததற்கு, அவள் வரலாற்றுச் சங்கத் தலைவி.

"ஒபதியா டட்டில்னு ரெண்டு பேரு இருந்தாங்க. ஒருத்தர் மாவு ஆலை கட்டி ஊரை உண்டாக்கினார். இன்னொருத்தன் குதிரை திருடித் தூக்குல தொங்கினான். உன் ஆளு ரெண்டாவது."

"நிரூபி, பாப்போம்."

கல்லறைத் தோட்டத்துக்கு அவளை இழுத்துப் போனாள் மில்ட்ரெட். இரண்டு கல்லிலும் அதே பெயர். ஒன்றில் மட்டும் குதிரை செதுக்கியிருந்தது.

"பாத்தியா? குதிரை போட்டிருக்கே, அதான் உங்காளு."

"திருடின குதிரையை யாராவது கல்லறையில செதுக்குவாங்களா? சொந்தக் குதிரையாத்தான் இருக்கும். அப்ப உன்னோடதுதான்டி திருடன்!"

வேலியோரம் நின்ற தபால்காரர் காதில் அது விழுந்துவிட்டது. மில்ட்ரெட் திரும்பி வருவதற்குள், ஆப்பிள் பை பலகாரம் விற்கும் மேசையில் சிரிப்பு.

"மில்ட்ரெட், நீ திருடன் பேத்தியாமே? நாங்க குதிரையைக் கட்டிப்போடணுமா?"

இனி நாகரிகம் பார்த்தால் ஆகாது. மில்ட்ரெட் மேடையேறி, பேண்டு மாஸ்டர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க! குதிரைத் திருடனுக்கு இடது கையில ஆறு விரல். அவன் பரம்பரைக்கே ஆறு விரல். வரலாற்றுச் சங்கத் தலைவியா இதை நான் உறுதி செய்றேன். டோரீன், கையுறையைக் கழட்டுடி!"

டோரீன் மெதுவாகக் கழற்றினாள். ஆறு.

ஊரே வாயைப் பிளந்தது. டோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். மில்ட்ரெட் வண்டியில் ஏறி, தோளில் குறுக்காகப் போட்டிருந்த விழாப் பட்டையைச் சரிசெய்து, ராணி மாதிரிக் கையாட்டினாள். பார்க்கத்தான் ஆளில்லை. அந்த ஆறு விரலோடு கைகுலுக்க எல்லாரும் டோரீனைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டியை எடு, வெர்னன்!"

வெர்னன் இறங்கினான். பின்பக்கப் பெட்டியைத் திறந்து, புதிதாகப் பெயின்ட் அடித்த பலகை ஒன்றை வெளியே எடுத்தான்: 'குதிரைத் திருடன் விடுதி. நடத்துவது அசல் வாரிசு.'

"ரொம்ப நன்றிங்க மில்ட்ரெட். சங்கம் உறுதி செய்யாம எங்க விடுதியில இந்தப் பலகையை மாட்டக்கூடாதுன்னு இத்தனை வருஷமா நீங்கதானே மறுத்துக்கிட்டிருந்தீங்க!"