பதினாலு சீட்டு அதிகம்

அன்று மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் விவரம் பின்வருமாறு. சாப்பாட்டு மேசைக்கு ஜன்னல் பக்கம், தராசு செய்யும் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். குடியிருப்பது மாடியில், சாப்பிடுவது கீழே. இருவருக்கும் நேர் எதிரே, சமையலறைக்கு முதுகு காட்டியபடி, மனைவி. சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தவள் மகள். கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். வாசல் கதவருகே முக்காலியில், மடியில் தோள்பையுடன், கம்பெனி பியூன். குமாஸ்தாவின் பதில் கடிதத்தைக் கையோடு வாங்கி வரச் சொல்லி மேனேஜர் அனுப்பியிருந்தார்.

மேசை மேல் இருந்தவை: குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்று, செம்புக் காசுகள் மூன்று, அடிக்கோல் ஒன்று, வெள்ளைத் தாள், கவர், பசை டப்பா.

பதில் எழுத வேண்டிய விஷயம் சின்னதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. தூரத்து ஊரில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவரை மேலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சம்மதமா இல்லையா என்று இன்று நாலு மணித் தபால் பையில் பதில் வர வேண்டும். வராவிட்டால் விருப்பமில்லை என்று வைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கடிதத்தைக் குமாஸ்தா இதுவரை பத்தொன்பது முறை படித்திருந்தார். ஆனால் போகலாமா என்று வீட்டில் கேட்டபோது, மேசைக்கு எந்தப் பூ வாங்கலாம் என்று கேட்கிறவர் போலக் கேட்டு வைத்தார். அதுதான் வினை.

மனைவி மூன்று மாத ஆன்லைன் வகுப்பில் டாரட் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். சீட்டை விரித்து, "போகலாம்னு வருது" என்றாள். மச்சான் சீனத்து ஆறுகோட்டுச் சாத்திரத்தில் மூழ்கியவர். மூன்று காசை ஆறு தடவை உருட்டி, விழுகிற வாகுக்கு ஏற்ப முழுக்கோடோ முறிந்த கோடோ கீழிருந்து மேலாகப் போட்டால் ஓர் உருவம் வரும். அப்படி மொத்தம் அறுபத்து நாலு. அவருக்கு மலை மேல் மலை வந்தது. "அசையாதே மாப்பிள்ளை. மலை அசையுமா?" என்றார்.

"அசைஞ்சா உங்களுக்கு யாரு சோறு போடறது?" என்று கேட்டாள் தங்கை. அதிலிருந்து மூன்று நாளாக வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

குமாஸ்தா எதையும் முறைப்படி செய்கிறவர். நேற்று ராத்திரி உட்கார்ந்து இரண்டு சாத்திரத்தையும் இணைத்து 'நடைமுறை விதிகள்' என்று தலைப்பிட்டு எழுதி, ஆளுக்கு ஒரு நகல் கொடுத்திருந்தார். விதி எளிது. முதலில் காசு உருட்ட வேண்டும். வருகிற உருவத்துக்கு என்ன எண்ணோ, கலைத்த கட்டில் அந்த எண்ணாவது சீட்டை எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அதுவே முடிவு. மேல்முறையீடு கிடையாது.

"ஒரே ஒரு சிக்கல்" என்றார் இப்போது. "உருவம் அறுபத்து நாலு. சீட்டு எழுபத்தெட்டு. பதினாலு சீட்டு அதிகம். அந்தப் பதினாலுக்கும் வாய்ப்பே வராது. அது நியாயம் இல்லை."

"எடுத்துட வேண்டியதுதானே" என்றார் மச்சான்.

"எதை எடுக்கறது? என் கட்டுல ஆட்குறைப்பு பண்ண நீங்க யாரு?"

குமாஸ்தா கையை உயர்த்தினார். அதற்கும் யோசித்து வைத்திருந்தார். தனிப் படச் சீட்டு இருபத்திரண்டு போக, கட்டில் கோல், கோப்பை, வாள், காசு என்று நாலு இனம். இனத்துக்குச் சரியாகப் பதினாலு சீட்டு. ஓர் இனத்தை முழுசாக எடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். கடவுளே இதற்காகத்தான் அப்படிப் படைத்திருக்கிறார் என்பது போல அவர் முகம் மலர்ந்தது.

"கோல்னா வேலை, கோப்பைன்னா பாசம், வாள்னா சண்டை, காசுன்னா காசு" என்று விரல் விட்டாள் மனைவி. "எதை எடுப்பீங்க?"

"காசை எடு" என்றார் மச்சான். "நான்தான் மூணு காசு வெச்சிருக்கேனே. ஒரே மேசையில ரெண்டு காசு எதுக்கு?"

நியாயமாகப் பட்டது. காசு இனம் வெளியேறியது. மச்சான் உருட்டினார். அடிக்கோல் வைத்து மயிரிழை பிசகாமல் ஆறு கோடு இழுத்தார். ஐந்தாம் உருவம். பெயர், காத்திருத்தல். மனைவி ஐந்தாவது சீட்டைத் திருப்பினாள். தேர். கிரீடம் வைத்த ஒருவன் நிமிர்ந்து நின்று ஓட்டிக்கொண்டிருந்தான்.

குமாஸ்தா சீட்டைக் கையில் எடுத்து ஆசையாகப் பார்த்தார்.

"தேர்! கிளம்புங்கன்னு அர்த்தம்" என்றாள் மனைவி.

"காத்திருக்கணும்னு அர்த்தம்" என்றார் மச்சான்.

"தேருக்காகக் காத்திருக்கணும்" என்றாள் சோபாவிலிருந்து மகள். "பஸ் ஸ்டாண்டுல போய் நில்லுங்கப்பா. அது சரி, வேலைக்குப் போறதைப் பத்திக் கேக்கறீங்க, காசை எடுத்துட்டுக் கேக்கறீங்க. சம்பளம் இல்லாமப் போகப் போறீங்களா?"

இது செல்லாது என்று முடிவாயிற்று. சீட்டுகளைத் திரும்பச் சேர்த்தபோது குமாஸ்தா ஒரு காரியம் செய்தார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தேரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு நல்ல சீட்டை மறுபடியும் கும்பலில் தள்ளிக் கலைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதற்கு மேல் காரணம் எதுவும் அவர் யோசிக்கவில்லை.

"இந்தத் தடவை வாளை எடுப்போம்" என்றார். "சண்டை சச்சரவு இல்லாம ஒரு முடிவுக்கு வருவோம்."

வாளை எடுத்தார்கள். பதினோராம் உருவம் வந்தது, அமைதி. பதினோராவது சீட்டில் பத்துக் கோப்பைகளின் கீழே ஒரு குடும்பம் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். போனாலும் சந்தோஷம், இருந்தாலும் சந்தோஷம் என்று வந்ததால் ஒன்றும் நகரவில்லை.

"கெட்டதை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டா நல்லதுதானே வரும்?" என்றாள் மகள். "பரீட்சையில தெரியாத கேள்வியை அடிச்சுட்டு நூத்துக்கு நூறு போட்டுக்கற மாதிரி."

"நீ வாயை மூடிட்டுப் படி."

"படிச்சதைத்தான் சொல்றேன்."

பியூன் தொண்டையைக் கனைத்தார். "சார், மணி ரெண்டே முக்கால். நாலு மணிக்குப் பையைக் கட்டிடுவாங்க."

"தெரியும்யா. அவசரப்பட்டு முடிவெடுக்கற விஷயமா இது? ஒரு மனுஷனோட தகுதியைப் பார்த்துக் கூப்பிட்டிருக்காங்க."

பியூன் எதையோ சொல்ல வாய் திறந்து, மேற்கூரையைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"அப்ப கோப்பையை எடுத்துடலாம்" என்றார் குமாஸ்தா.

மனைவி கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "பாசத்தை எடுத்துட்டுத்தான் முடிவெடுக்கப் போறீங்களா?"

"அது வெறும் சீட்டும்மா."

"வெறும் சீட்டு! வருஷம் இருபதாச்சு, எந்த முடிவை அதை வெச்சுக்கிட்டு எடுத்தீங்க? எடுங்க, எடுங்க. பழகினதுதானே."

மச்சான் சத்தம் இல்லாமல் காசை உருட்டினார். ஐம்பத்தாறு. பயணி. குமாஸ்தா நாற்காலியின் நுனிக்கு வந்தார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு ஐம்பத்தாறு சீட்டு எண்ணித் திருப்பினாள். தோளில் மூட்டையோடு ஒருவன், வானத்தைப் பார்த்தபடி, மலை விளிம்பில் கால் வைத்துக்கொண்டிருந்தான்.

"முட்டாள்" என்றாள்.

"யாரு?"

"சீட்டோட பேரு."

மச்சான் தொடையைத் தட்டினார். "பயணி, முட்டாள். இதை விடத் தெளிவா யாரு சொல்வா? போறவன் முட்டாள்!"

"அந்த முட்டாள் வேற. புதுசா ஒண்ணைத் துணிஞ்சு தொடங்கறவன்னு அர்த்தம். நேரா விழுந்திருக்கு, ரொம்ப நல்லது."

"எங்க நேரா? எனக்குத் தலைகீழா இருக்கு" என்றார் குமாஸ்தா.

உண்மைதான். எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மனைவிக்கு நேராக இருந்தது கணவருக்குத் தலைகீழ். தலைகீழ் முட்டாள் என்றால் பள்ளத்தில் விழுகிற முட்டாள். யார் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதற்கு விதிகளில் இடமே விட்டிருக்கவில்லை.

"என் பக்கம் வந்து பாருங்க" என்றாள்.

குமாஸ்தா மேசையைச் சுற்றிப் போனார். சீட்டு நேரானது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் மச்சான் வரைந்த ஆறு கோடுகள் தலைகீழாகிவிட்டன. மச்சான் மடியில் வைத்திருந்த சாத்திரப் புத்தகத்தைப் புரட்டினார். வேண்டா வெறுப்பாகப் படித்தார். "தலைகீழாப் பார்த்தா ஐம்பத்தாறு ஐம்பத்தஞ்சு ஆயிடுது மாப்பிள்ளை. செழிப்பு."

ஆக ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஊர் சுற்றிப் பள்ளத்தில் விழுவார். சமையலறைப் பக்கம் உட்கார்ந்தால் துணிந்து போய்ச் செழிப்பார். குமாஸ்தா இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வாழ்க்கை மாறியது.

மணி மூன்றே கால்.

"எல்லாரும் ஒரே பக்கம் உட்காருவோம்" என்றார் கடைசியில். நாற்காலிகள் நகர்ந்தன. மூவரும் ஜன்னல் பக்கம் வரிசையாக, முழங்கையோடு முழங்கை இடிக்க, நேர்முகத் தேர்வு நடத்துகிறவர்கள் போல உட்கார்ந்தார்கள். மீதி இருந்தது கோல் இனம் மட்டும். அதை எடுத்தார்கள். வேலை பற்றிய கேள்விக்கு வேலைச் சீட்டே இல்லாமல் பதில் தேடுகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றாமல் இல்லை. சொன்னால் மகள் சிரிப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.

மச்சான் ஆறு தடவை உருட்டினார். ஆறாவது கோட்டைப் போட்டதும் எழுந்தே விட்டார். "அறுபத்து நாலு! கடைசி உருவம்!"

"பேரு என்ன?"

"இன்னும் முடியவில்லை."

"அது தெரியுது. பேரு என்ன?"

"அதான் பேரு."

மனைவி எண்ண ஆரம்பித்தாள். மச்சானும் கூடவே எண்ணினார். நாற்பதைத் தாண்டியபோது குமாஸ்தா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அறுபத்து மூன்றாவது சீட்டைப் போட்டதும் அவள் கை காலியாக இருந்தது.

மறுபடி எண்ணினாள். அறுபத்து மூன்றுதான்.

மேசைக்கு அடியில் தேடினார்கள். சோபா மெத்தையைத் தூக்கினார்கள், மகளோடு சேர்த்து. பியூனை எழுந்து நிற்கச் சொல்லி முக்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். குமாஸ்தா எல்லோரையும் விட மும்முரமாகத் தேடினார். பாத்திர அலமாரிக்குள் தலையை விட்டார்.

"இப்படிச் செய்யலாம்" என்றார் மச்சான். "எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்க. அறுபத்து நாலு தலைகீழா அறுபத்து மூணு ஆயிடும். சீட்டும் சரியாப் போயிடும்."

மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. அலமாரியிலிருந்து தலையை எடுத்த கணவரின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிய வெள்ளைச் சட்டை. உள்ளே இருந்து கிரீடம் வைத்த ஒருவன் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை விட்டு எடுத்தாள்.

"திருட்டு" என்றார் மச்சான்.

"அண்ணா, நீ சும்மா இரு." அவள் சீட்டைக் கணவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது எத்தனை நேரமா அங்க இருக்கு?"

"முதல் ஆட்டத்துலேர்ந்து."

"ஏன்?"

குமாஸ்தா அலமாரிக் கதவைச் சாத்தினார். "இருபத்திரண்டு வருஷம் ஆச்சும்மா. ஒருத்தரும் என்னை இது வரைக்கும் எதுக்கும் கூப்பிட்டதில்லை. இத்தனை பேர்ல என்னைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்காங்க. எனக்குப் போகணும். நானா கேட்டு, உங்களுக்கெல்லாம் சிரமமாப் போச்சுன்னா... அதான் சீட்டே சொல்லட்டும்னு."

"போகணும்னா போகணும்னு சொல்ல வேண்டியதுதானே! உங்க ஆசைக்கு ஒரு சீனாக்காரன் கையெழுத்துப் போடணுமா?" குரல் உயர்ந்தது. ஆனால் சீட்டை அவள் கட்டில் சேர்க்கவில்லை. அதே சட்டைப் பையில் திருப்பி வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினாள். "எழுதுங்க. நானும் வரேன். அண்ணன் சமைக்கக் கத்துக்கட்டும்."

"மாமாவுக்கு ஒரு காசு உருட்டிப் பார்க்கலாமா?" என்றாள் மகள். "சாம்பலா, சாதமான்னு."

மணி மூன்றே முக்கால். குமாஸ்தா பேனாவைத் திறந்தார். 'தாங்கள் என் தகுதியில் வைத்த நம்பிக்கைக்கு நன்றி. மனமுவந்து ஏற்கிறேன்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். நாலாக மடித்துக் கவருக்குள் இட்டு, ஓரம் விடாமல் பசை தடவி, அடிக்கோலால் அழுத்தித் தேய்த்தார். பியூன் அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கி சைக்கிளில் ஏறினார்.

குமாஸ்தா வாசல் வரை வந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "பார்த்தியாய்யா, ஒரு முடிவு எடுக்கறதுக்குள்ள என்ன பாடு!"

பியூன் ஒரு காலைப் பெடலில் வைத்தபடி திரும்பினார்.

"கவரை ஒட்டற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருந்தார் சார், அதான் பேசாம உட்கார்ந்திருந்தேன். தலைமை ஆபீஸ் ஒரு பேர் கேட்டப்ப, நம்ம ஆபீஸ்ல முடிவெடுக்க ரெண்டே நிமிஷம்தான் ஆச்சு. அந்த ஊருக்கு ஒருத்தரும் போக மாட்டேன்னுட்டாங்க. நீங்க அன்னைக்கு லீவு. பதினோரு பேர் பேரையும் எழுதி பிஸ்கட் டப்பாவுல போட்டுக் குலுக்கி, எனக்குக் கைராசி உண்டுன்னு என்னையே ஒண்ணு எடுக்கச் சொன்னாங்க."