முத்துப் பார் அலுவலகத்தின் காற்று வடிகட்டி

கடலுக்கு அடியில் முத்துச் சிப்பிகள் படிந்து கிடக்கும் பாறைத் திட்டுகளை, அதாவது பார்களை, கரையில் இருந்தபடியே கண்காணிப்பதற்காகத் தூத்துக்குடியில் ஓர் அலுவலகம் இருந்தது. முத்துக்குளிப்பு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குளிப்பு நின்றால் அலுவலகமும் நிற்க வேண்டும் என்று எந்த உத்தரவிலும் சொல்லப்படவில்லை. அலுவலகத்தார் ஒரு படகு கேட்டிருந்தார்கள். மேலிடம் நன்கு பரிசீலித்து ஓர் அம்பாசடர் கார் கொடுத்தது. அதிகாரி ஆறுமுகநயினார் வாரம் தவறாமல் அதில் ஏறி உப்பளத்து மண் சாலை வழியாகக் கடற்கரைக்குப் போவார். இறங்கிக் கடலைப் பார்ப்பார். அது இருந்த இடத்திலேயே இருப்பதை உறுதி செய்துகொண்டு திரும்புவார்.

காரை ஓட்டியவன் செந்தூர்பாண்டி. ஒன்பது வருஷமாகத் தற்காலிக டிரைவர். மகள் செல்லக்கிளியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியைச் சாப்பிட்டு முடித்ததும், "அப்பாவுக்கு வேலை பெர்மனென்டா?" என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும் கை கழுவ எழுந்துவிடுவார்கள். ரவை வறுத்து வறுத்து அவன் மனைவி தங்கத்தாய்க்குக் கை ஓய்ந்துவிட்டது. அந்த வருஷக் கடைசியில் சென்னையிலிருந்து ஆய்வுக்கு ஒருவர் வருவதாக இருந்தது. அவர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரமாகும், எழுதாவிட்டால் மறுபடி கேசரிதான்.

இந்த நேரம் பார்த்துக் கார் இருமத் தொடங்கியது. உப்பளத்துப் புழுதியில், எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி அனுப்பும் காகித ஏர் பில்டர் மாசத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொண்டது. புதிது வாங்க மதுரையில் மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்க வேண்டும். அவை வந்து சேர்வதற்குள் சாலையில் இருந்த மீதிப் புழுதியும் காருக்குள் வந்துவிடும். ஆகவே, கழுவிக் கழுவிப் போடக்கூடிய பில்டர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அதிகாரி தலைவர். சாயர்புரத்துக்காரரான தலைமை எழுத்தர் அற்புதமணி செயலர். செந்தூர்பாண்டி, வாய் திறக்கக் கூடாத தொழில்நுட்ப உறுப்பினர்.

குழுவின் முன் இரண்டு பில்டர்கள் வைக்கப்பட்டன. ஒன்று மதுரைப் பட்டறையில் செய்தது. மற்றது வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்த காயல்பட்டினத்து அபுல் ஹஸன் கொண்டுவந்தது. அவருடைய மச்சான் யஹ்யா கப்பலில் போய் வருகிறவர். அவர் கொண்டுவந்த பில்டரில் கம்பி வலைக்குள் மடிப்பு மடிப்பாகப் பஞ்சுத் துணி, சுற்றிலும் சிவப்பு ரப்பர் வளையம். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, லேசாக எண்ணெய் தடவி மாட்ட வேண்டும் என்று அபுல் ஹஸன் சொன்னார். அந்தப் பகுதி குழுவின் காதில் விழவில்லை. குழு அப்போது பில்டரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சாமான் எதுவானாலும் முதலில் மூக்கால்தான் பரிசோதிப்போம். சட்டைத் துணி, சோப்பு, டார்ச் லைட், எதுவாயிருந்தாலும் அதே முறைதான். ஆறுமுகநயினார் கண்ணை மூடி இழுத்தார். அற்புதமணி இரண்டு தடவை இழுத்தார். வெளிநாட்டுச் சரக்கு கமகமவென்று மணத்தது; மதுரைச் சரக்கில் மண்ணெண்ணெய் வாடை அடித்ததால் அது தகுதியற்றதென ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

"மூக்குக்கு இல்ல சார், எஞ்சினுக்கு" என்றார் அபுல் ஹஸன். அதுவும் காதில் விழவில்லை.

அடுத்து அற்புதமணி ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்தார். காகித பில்டர் தீர்ந்துபோகும் பொருள், தூக்கிப் போட்டுவிடலாம். கழுவிக் கழுவிப் போடுவது தீராத பொருள். தீராத பொருள் என்றால் நிலையான சொத்து, மேஜை, பீரோ மாதிரி. எனவே வளையத்தில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதப்பட்டது. ஆய்வின்போது 'பெற்ற நிலையிலேயே' காட்ட வேண்டும் என்று செந்தூர்பாண்டியிடம் கையெழுத்தும் வாங்கப்பட்டது.

முதல் நாள் பில்டரை மாட்டிக்கொண்டு உப்பளம் வரை போய் வந்தார்கள். கழற்றிப் பார்த்தால் துணி முழுக்கச் செம்புழுதி. அற்புதமணிக்கு முகம் கறுத்துவிட்டது.

"சொத்து அழுக்காயிருக்கே."

"அழுக்கப் பிடிக்கதுதான் சார் அதுக்கு வேல."

"அதுக்கு அது வேல. அழுக்குக்கு விளக்கம் எழுதுதது உன் வேல."

செந்தூர்பாண்டிக்குக் கேசரியின் நினைவு வந்தது. அன்றே சோப்புப் போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, பில்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டான். எண்ணெய் தடவவில்லை, கறை என்று அதற்கும் விளக்கம் கேட்பார்கள். அதற்குப் பிறகு கார் கிளம்புமுன் பில்டரைக் கழற்றிப் பூத்துவாலையில் சுற்றி அதிகாரியின் மடியில் வைப்பான். திரும்பியதும் மாட்டிவிடுவான். ஆறுமுகநயினாருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. பெரிய சாமான் ஒன்றைத் தாமே நேரில் பாதுகாக்கிற திருப்தி. புழுதி தடையின்றி எஞ்சினுக்குள் போய் வந்தது. கார் முதலில் வெள்ளையாகவும், பிறகு நீலமாகவும் புகை விட்டது. அதற்கு விளக்கம் கேட்க விதி இல்லை. வாசனை குறைந்துவருவதைக் கவனித்த செந்தூர்பாண்டி, அபுல் ஹஸனிடம் போய் ஒரு சொட்டு அத்தர் வாங்கிவந்து தடவினான்.

ஆய்வாளர் தளவாய் சென்னையிலிருந்து வந்தார். கடலைக் காட்டினார்கள், பார்த்துத் திருப்தி அடைந்தார். திரும்பும் வழியில், திரேஸ்புரத்துக்கு நடுவில், கார் ஒரு பெரிய சத்தம் போட்டு நின்றது. பிஸ்டன் வரை உப்பும் மண்ணும். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் விக்டரும் இன்னும் சிலரும் வந்து தள்ளினார்கள். ஆய்வாளர் இறங்கவில்லை, அன்றைக்கு அவர் மடியில்தான் பில்டர் இருந்தது. தள்ளியவர்கள் கூலி கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு தடவை மோந்து பார்க்கத் தரவேண்டும் என்றார்கள். தரப்பட்டது.

ஆய்வாளர் துவாலையைப் பிரித்து, எண்ணைச் சரிபார்த்து, மோந்து, ஆழ்ந்து யோசித்தார். அவருடைய அறிக்கை இப்படி இருந்தது: 'காற்று வடிகட்டி பெற்ற நிலையினும் மேம்பட்ட நிலையில் பராமரிக்கப்பட்டுள்ளது. பராமரித்த ஓட்டுநரை நிரந்தரமாக்கலாம். வடிகட்டியின் பொருட்டு வைத்திருந்த காரைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம்.'

அப்படியே ஆயிற்று. வேலை உத்தரவைப் படித்துக் காட்டிய கணவனிடம் தங்கத்தாய் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"காரே இல்லாம என்னத்துக்கு டிரைவர்?"

"ஏளா, முத்தே இல்லாம ஆபீஸ் நடக்கலியா?"

செல்லக்கிளிக்கு அந்தத் தையிலேயே கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் வேலை பெர்மனென்டா என்று கேட்டார்கள், என்ன வேலை என்று கேட்கவில்லை. பந்தியில் கேசரி போட்டார்கள். நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே அந்த அலுவலகத்தை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அபுல் ஹஸன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஊருக்குள்ள இதுவரைக்கும் நாப்பது பில்டர் வித்துட்டேன் அண்ணாச்சி" என்றார் என்னிடம். "ஒருத்தராவது எண்ணெய் எப்படிப் போடணும்னு கேக்கலியே."

நான் பேச்சை மாற்றினேன். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், பிளாஸ்குக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவில், அதில் ஒன்று வாசனையோடுதான் இருக்கிறது. எங்களிடம் இருப்பது சைக்கிள்.