‘ஒருவேளை’ அண்ணன் செய்த டிஸ்கெட்

கோலாலம்பூரில் பயந்த ஆட்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் தன் பயத்தை டிஸ்கெட்டில் ஏற்றி, கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பயப்பட வைத்த மனுஷன் ஒருத்தர்தான். எங்கள் ‘ஒருவேளை’ அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத்தன்று பாஸுக்கு மட்டும் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கடை. படுத்துவிட்ட கம்ப்யூட்டரில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மறுபடி ஏற்றிக் கொடுப்போம். கீழே பாட்டு கேசட் கடை, வாசலில் ஆளுயர ஸ்பீக்கர். அதிலிருக்கும் காந்தம் டிஸ்கெட்டை அழித்துவிடும் என்று, அண்ணன் டிஸ்கெட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னைத் துண்டில் சுற்றி, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமாகவே நடப்பார். ஸ்பீக்கரிடமிருந்து தப்பித்து, ஒருநாள் லோரியில் மாட்டியிருப்பார்.

"அண்ணே, காந்தம் என்ன ரோட்டத் தாண்டியா வரும்?"

"ஒருவேளை வந்துட்டா?"

அந்த டிஸ்கெட் செட்டை அவரே உட்கார்ந்து செய்தார். எந்த மிஷினுக்கும் ஒத்துப்போகும். சிடி டிரைவ் இருந்தால் சிடியிலிருந்து ஏற்றும், இல்லாவிட்டால் டிஸ்கெட் கேட்கும், ஒரு டிஸ்கெட் கெட்டுப்போனால் அதன் மாற்று டிஸ்கெட்டைக் கேட்கும். ஆனால் கேள்வி கேட்டே உயிரை எடுத்துவிடும். மற்ற டிஸ்கெட்டெல்லாம் பழையதை அழிக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கும். அண்ணனுடையது ஆங்கில எழுத்தில் தமிழ் பேசும். ‘நிச்சயமா?’ என்று கேட்கும். Y தட்டினால், ‘நல்லா யோசிச்சியா?’ அதற்கும் Y தட்டினால், ‘ஓனர்கிட்ட கேட்டியா?’

பாஸ் தலையில் அடித்துக்கொள்வார். "இன்ஸ்டால் பண்றியா, பொண்ணு பாக்குறியாய்யா? கஸ்டமர் வெயிட் பண்றாங்க லா!"

நாங்களோ கேள்வியைப் படிக்காமலே Y, Y, Y என்று தட்டிவிட்டுப் போய்விடுவோம். அண்ணன் அந்த நேரத்தில் அறையிலேயே இருக்கமாட்டார். பார்க்கப் பயமாம்!

கிள்ளானில் ஒரு மாடியில் கல்யாணப் பத்திரிகை அச்சகம். தை பிறக்கப் போகிற நேரமாகப் பார்த்து அவர்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. "இன்னிக்கு ஓடணும். இல்லன்னா நாளைக்கு நீ கடைக்கு வராதே" என்று பாஸ் என்னிடம் சொல்லிவிட்டார். நான் அப்போது வேலைக்குப் புதுசு.

அண்ணன் கூட வந்தார். டின்னிலிருந்து ஒரு காலி ஹார்ட்டிஸ்க்கை எடுத்து, பழையதோடு சேர்த்து மிஷினில் மாட்டினார், தன் டிஸ்கெட்டைச் செருகினார். "நான் கீழ நிக்கிறேன் தம்பி" என்று மாடிப்படியில் இறங்கிவிட்டார்.

அச்சகத்து அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றார். "பாத்துப் பண்ணு தம்பி. எல்லாப் பத்திரிகையும் அதுக்குள்ளதான் இருக்கு. போச்சுன்னா பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு ரெண்டும் சேர்ந்து வந்து என்னைய அடிக்கும்."

‘நிச்சயமா?’ Y. ‘நல்லா யோசிச்சியா?’ Y. ‘ஓனர்கிட்ட கேட்டியா?’

திரும்பினேன். "அக்கா, இதெல்லாம் வேற எங்கயாச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"வேற எங்க வெக்க? அதான் கம்ப்யூட்டர் இருக்கே!"

Y தட்டினால் கிள்ளானின் கல்யாணமெல்லாம் காலி. தட்டாவிட்டால் என் வேலை காலி. Y மேலிருந்து விரலை எடுத்துவிட்டேன். சும்மா அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் பதிலே வராததைப் பார்த்து, திரையில் இன்னொரு கேள்வி எழுந்தது. எப்போதும் அவசரமாகத் தட்டிய நாங்கள் யாரும் அதைப் பார்த்ததே இல்லை.

‘தம்பி, பயமா இருக்கா?’

Y தட்டினேன்.

‘எனக்கும்தான். முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுப்போம். அப்புறம் ஏத்துவோம்.’

பத்திரிகைகள் ஒவ்வொன்றாக அந்தக் காலி ஹார்ட்டிஸ்க்குக்குப் போக ஆரம்பித்தன. நான் படியில் விழுந்தடித்து ஓடினேன். கீழே அண்ணன் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி நின்றார்.

"அழிஞ்சிடுச்சா?"

"இல்லண்ணே. காப்பி ஓடுது."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒருவேளை நீ பயப்படாமப் போயிட்டியோன்னு நெனச்சேன் லா" என்றார்.

இன்றும் ஏதாவது திரை என்னிடம் ‘நிச்சயமா?’ என்று கேட்டால், விரலை எடுத்துவிட்டு ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்க்கிறேன். ஒருவேளை நிற்கிறாரோ என்று.