ரிவ்யூ அண்ணனும் கான்ட்ராக்ட் பேய்களும்

தமிழ்த் தொலைக்காட்சியில் உலவும் பேய்கள் அனைத்தும் ஒரே ஒரு மனிதருக்குப் பயந்துகொண்டிருந்தன. அவர் நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில் குடியிருந்தார். சுரங்கத்தில் கரி ஏற்றிப் போகும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரிக் கொட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவர் பெயர் என்னவென்று அட்டென்டன்ஸ் எடுப்பவருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் ரிவ்யூ அண்ணன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் கோழிப்பண்ணை என்று சுற்றிவிட்டு, குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலைக்கு வந்திருந்தேன். அந்த அறையில் பாய் விரிக்க இடம் கிடைக்குமா என்று போய் நின்றேன். வாடகையைப் பற்றியோ சாதியைப் பற்றியோ அவர் பேசவில்லை.

"சீரியல்ல உனக்கு எது புடிக்கும்? பேயா, பாம்பா, போலீசா?"

"எது போட்டாலும் பாப்பேங்க."

"அப்பிடிச் சொல்லாத. மனுசன்னா ஒரு கருத்து வேணும். சரி, உள்ள வா. கத்துக்குவ."

சாப்பாடு தெருமுனை மெஸ்ஸில். அங்கே ஒரு டிவி உண்டு. புதிய தொடர் எது ஆரம்பித்தாலும் மெஸ் முழுவதும் ரிவ்யூ அண்ணன் முகத்தைத்தான் பார்க்கும். அவர் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டால் அந்தத் தொடர் செத்தது. யாராவது எழுந்து சேனலை மாற்றிவிடுவார்கள்.

ஒருமுறை புதிய பேய்த் தொடர் ஒன்றில், கரண்ட் போனவுடன் வெள்ளைப் புடவை வந்து நின்றது. மெஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ரிவ்யூ அண்ணன் மட்டும் ரசத்தை உறிஞ்சினார்.

"இன்னாய்யா கத இது? கரண்ட்டு போனா பேய் வரும்னா நம்ம தெருவுல இந்நேரம் பேய்ங்களுக்கு ரேசன் கார்டே குடுத்திருக்கணும். ஊருக்கெல்லாம் கரண்ட்டு அனுப்பிட்டு நாம இருட்டுல உக்காந்துகினு இருக்கோம். ஒரு பேயாவது எட்டிப் பாத்துச்சா?"

தட்டோடு எழுந்தார். அந்தப் பேயை மெஸ்ஸில் அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

பெரிய கொலைத் தொடர்களிலும் அடுத்து யார் சாவார் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். அதற்கு அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. கதையில் வருகிறவர்கள் இரண்டே வகை. பெர்மனென்ட், கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆளுக்கு வீடு இருக்கும், அம்மா இருப்பாள், ஒரு பழைய காதல் இருக்கும். அவனைக் கத்தியால் குத்தினாலும் லாரி ஏற்றினாலும் சாகமாட்டான். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஊர், பேர் எதுவும் சொல்லமாட்டார்கள். ஒரே சட்டையில் வருவான். சிரித்துக்கொண்டே டீ குடிப்பான்.

"டீ குடுத்துட்டாங்களா? அவ்ளோதான். கான்ட்ராக்ட்டு முடிஞ்சிருச்சு. நாளைக்குத் தூக்கிருவாங்க."

தூக்கிவிடுவார்கள். அவர் கணக்கு தவறி நான் பார்த்ததில்லை.

நாங்கள் எல்லோரும் காத்திருந்த துப்பறியும் தொடர் நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தபோது, துப்பறிகிறவரே வேறு ஆளாக இருந்தார். மெஸ்ஸில் ஒரே கூச்சல். ரிவ்யூ அண்ணன் கையைத் தூக்கி அமைதிப்படுத்தினார்.

"பழைய ஆளு டூட்டி முடிஞ்சி போய்ட்டாரு. இவரு ரிலீவர். இப்பத்தான் ஷிஃப்ட்டு மாத்தியிருக்காரு. வேலையைக் கத்துக்க ஒரு வாரம் டைம் குடுங்க."

அந்த ஒரு வாரத்துக்குள்தான் என் கண் போனது.

சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். அன்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்த ஒரு பெரிய கல் வெடித்து முகத்தில் அடித்தது. தெருக்குழாயில் தலையைப் பிடித்து அமுக்கியவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் மருந்து வைத்துக் கட்டிவிட்டார்கள். பார்வை வருமா என்று கேட்டேன். கட்டுப் பிரித்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

எனக்கென்று வந்து பார்க்க ஆள் கிடையாது. அதனால் ரிவ்யூ அண்ணன் வந்தார். காலை ஏ ஷிஃப்ட் முடிந்து, மேலெல்லாம் கரி வாசனையோடு, மத்தியானம் வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதே இல்லை.

"நேத்து எபிசோடு கேட்டியா?"

போனில் கேட்டிருந்தேன். மேளம் அடித்தது, கதவு கிறீச்சிட்டது, யாரோ மூச்சுவிட்டார்கள். பேசியவர் ஒருவருமில்லை.

"அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்" என்று சொல்லி, காட்சி காட்சியாக ஆரம்பிப்பார். இடையிடையே துப்பறிகிறவரின் சட்டைக் காலரைத் திட்டுவார். பக்கத்துக் கட்டில் பெரியவருக்குத் துணையாக வந்திருந்த அவர் மகள், சேத்தியாத்தோப்பு அக்கா, அவளும் காது கொடுப்பாள்.

அந்தத் தொடரில் ஒரு பெண் வந்தாள். கொலையை நேரில் பார்த்தவள். கொலைகாரன் அவள் கண்ணில் எதையோ வீசிவிட்டு ஓடியிருந்தான். கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கட்டுப் பிரித்துப் பார்வை வந்தால் கொலைகாரன் மாட்டிக்கொள்வான்.

இதைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு வூடு, ஊரு ஏதாவது சொன்னாங்களாண்ணே?"

"சொல்லல."

"அம்மா?"

"காட்டல."

"டீ?"

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.

"அவ பெர்மனென்ட்டுடா" என்றார்.

அவர் சொன்ன எல்லாக் கணக்குக்கும் அது முரண். அன்றைக்குப் பிறகு நான் அந்தத் தொடரைப் போனில் கேட்கவில்லை. அவர் வாயால் கேட்டுக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். அவர் வருகிற நேரம் நெருங்கினால் வராந்தாவில் கேட்கும் செருப்புச் சத்தங்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

சில நாள் கழித்து வந்து உட்கார்ந்ததும் சொன்னார்:

"பிரிச்சிட்டாங்க. நேத்து. டாக்டர் மூணு விரலைக் காட்டி எத்தினின்னு கேக்குறாரு. அவ, 'மூணு. மொதல்ல நகத்தை வெட்டுங்க டாக்டர்'ன்றா! ஆஸ்பத்திரியே சிரிக்குது."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகுதான் உறுத்தியது. அந்தத் தொடரை எழுதுகிறவர் அதுவரை யாரையும் சிரிக்க வைத்ததில்லை.

அந்த வாரம் சேத்தியாத்தோப்பு அக்கா மாட்டைக் கவனிக்க ஊருக்குப் போயிருந்தாள். மறுநாள் காலை திரும்பி வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் பேசினாள்.

"தம்பி, வூட்டுல அந்தக் கதையைப் பாத்தேன். பாவம் அந்தப் பொண்ணு. கட்டுப் பிரிச்சும் கண்ணு வரலியே! அது அழுவுறதப் பாத்து எனக்குச் சோறே எறங்கல" என்றவள், சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ, நான் ஒருத்தி..."

மத்தியானம் வரை நான் அசையாமல் கிடந்தேன். ஓர் எபிசோடைக்கூட மாற்றிச் சொல்லாத மனிதர் இதை மாற்றியிருக்கிறார் என்றால், டாக்டர் அவரிடம் எதையோ சொல்லியிருக்கிறார். என் கட்டுப் பிரிப்பது அடுத்த நாள். ஒற்றை ஆள், கண்ணில்லாமல் எந்த ஊருக்குப் போய் என்ன வேலை கேட்பது என்று ஒவ்வொரு ஊராக நினைத்துப் பார்த்தேன்.

அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

"எனக்குக் கண்ணு வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாராண்ணே?"

"எவன்டா சொன்னது?"

"அந்தப் பொண்ணுக்கு வரலியாமே. ஏன் மாத்திச் சொன்னீங்க?"

கட்டில் கிறீச்சிட்டது. அக்கா இருமினாள்.

"மட்டமான எபிசோடுடா அது. கதைக்கே சம்மந்தம் இல்ல. அதப் போயி உன்கிட்ட ஒப்பிக்கணுமா? அதான் நானே சரி பண்ணிட்டேன்."

"கதைய வுடுங்க. டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"நீ யாரு, சொந்தமான்னாரு. கூடப் பொறந்த அண்ணன்னு சொன்னேன். கட்டுப் பிரிச்சாத்தான் தெரியும்னாரு. நானும் அந்தாளு மூஞ்சியையே பாத்துகினு நின்னேன். சிரிக்கல, மொறைக்கல. ஒண்ணுமே கண்டுபுடிக்க முடியலடா." அவர் குரல் இறங்கியது. "இத்தினி வருசமா டிவி பாக்குறேன். இப்பிடி ஒரு நடிகனை நான் பாத்ததில்ல."

அன்று அவர் வேறு கதை எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் டியூட்டிக்குப் போகாமல் காலையிலேயே வந்துவிட்டார். கட்டு ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது. பஞ்சை எடுத்தார்கள். ஏதோ சொட்டு மருந்து விட்டுத் துடைத்தார்கள். மெதுவாகத் திற என்றார் டாக்டர்.

வலது கண்ணில் பால் ஊற்றியதுபோல வெள்ளை. அது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. இடது கண்ணில் முதலில் வெளிச்சம் குத்தியது. பிறகு டாக்டரின் விரல்கள். இரண்டு. நகமெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது.

"ரெண்டுங்க" என்றேன்.

டாக்டருக்குப் பின்னால், இஸ்திரி போட்ட சட்டையில் ரிவ்யூ அண்ணன் நின்றிருந்தார். இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார்.

"அண்ணே, கண்ணைத் தொறங்க."

"தெரியுதா?"

"நீங்க கண்ண மூடிகினு நிக்கிறது தெரியுது."

ஒரு கண்ணை மட்டும் முதலில் திறந்தார். என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி. அந்தக் கட்டுப் பிரிக்கிற சீனைத்தான் ரொம்ப இழுத்துட்டாரு" என்றார்.

எனக்கு ஒரு கண்தான் கிடைத்தது. அதில் முதன்முதலாக வந்து நின்ற முகத்தைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.