முதல் அமர்விலேயே இணக்கம்

"இந்த மனுசனோட ஒரே மேசையில நான் உக்கார மாட்டேன்!"

வகுப்பறை வாசலில் கால் வைத்ததும் இராசலிங்கத்தின் காதில் விழுந்தது இதுதான். நல்ல வரவேற்பு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உக்குவளையில் ஒரு பாடசாலையின் மூன்றாம் வகுப்பு அறை. சின்னச் சண்டைகளை நீதிமன்றத்துக்குப் போகாமல் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் கூடும். பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் வெள்ளைத் தொப்பி போட்ட பருத்த மனிதர் ஒருவர் பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இடுப்பில் கை வைத்தபடி அவரை முறைத்துக்கொண்டு நின்றார்.

"மூணாம் வகுப்புக்குப் போங்க சேர். நான் ஃபைலை எடுத்துட்டு வாறேன்," என்று எழுதுவினைஞர் ரிஸ்வி பாடசாலை கேட் அடியிலேயே சொல்லியிருந்தார். ஃபைல் வரவில்லை. தலைவரோடு சேர்ந்து அமர வேண்டிய மற்ற இரண்டு மத்தியஸ்தர்களையும் காணோம். பழைய ஆட்களுக்கு நேரகாலம் கிடையாது என்று இராசலிங்கம் மனதுக்குள் கடிந்துகொண்டார்.

யட்டவத்தயில் முப்பத்திரண்டு வருடம் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஐந்து நாள் பயிற்சி, ஒரு பரீட்சை, ஒரு நியமனக் கடிதம். இன்று முதல் அமர்வு, அதுவும் தலைவராக.

அவர் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு கிணற்றுக்காக அண்ணனோடு பதினொரு வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கினார். தீர்ப்பு வருவதற்கு மூன்று மாதம் முன்பு அண்ணன் இறந்துபோனார். கிணறு இவருக்குக் கிடைத்தது. அந்தத் தண்ணீரில் ஒரு மிடறுகூட அவரால் இன்றுவரை குடிக்க முடியவில்லை. தன் மேசைக்கு வரும் ஒருவரையும் நீதிமன்றத்துக்கு அனுப்புவதில்லை என்று அன்று முடிவு எடுத்தவர்தான்.

"நான் இராசலிங்கம். இன்றைக்குத் தலைவர் நான்தான்," என்றார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க சேர்!" என்றார் பருத்த மனிதர். "என் பேர் ஸக்கரியா. இந்த தக்ஷாயினி டீச்சர் செஞ்ச அநியாயத்தை நீங்களே கேளுங்க."

"அநியாயம் செஞ்சது நானா, நீங்களா?"

இராசலிங்கம் பயிற்சியில் சொன்னபடி இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்தார். "சண்டை வேணாம். முதல்ல டீச்சர் சொல்லட்டும்."

"ஏன் அவங்க முதல்ல?" என்று ஸக்கரியா கதிரையோடு எழுந்தார். கதிரை அவரை விடவில்லை. "வந்த உடனே ஒரு பக்கம் சாஞ்சிட்டீங்களே!"

"சரி நானா, நீங்களே முதல்ல சொல்லுங்க," என்று முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் சொன்னார் இராசலிங்கம்.

"ஆ, பொம்பளைன்னா பின்னாலயா?" என்றார் தக்ஷாயினி.

பேச்சு தொடங்குவதற்குள் கால் மணி நேரம் போனது.

விஷயம் இதுதான். இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே பாதை. ஸக்கரியா அதில் பாய் விரித்து மிளகு காயப் போடுகிறார்.

"பாதை முழுக்க மிளகு. நான் ஸ்கூலுக்குப் போறதா, பறக்கிறதா?"

"பறந்திருந்தா நல்லம்! மிளகு மேல ஸ்கூட்டிய ஏத்திட்டுப் போறாங்க சேர். அங்கேயிருந்து இங்க வரைக்கும் டயர் அடையாளம். அதை யாரு வாங்குற?"

கதவு திறந்தது. ரிஸ்வி ஃபைலோடு நின்றார். "சேர், கேஸ்..."

"பேசிக்கிட்டு இருக்கிறப்ப குறுக்க வராதீங்க!" என்றார் இராசலிங்கம். குறுக்கீடு கூடவே கூடாது என்று பயிற்சியில் மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். ரிஸ்வி தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அடுத்த பாடம் இராசலிங்கத்துக்கு நினைவு வந்தது. ஒருவர் மனக்குறையை மற்றவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். கோபம் தானாகவே இறங்கிவிடும்.

"நானா, டீச்சரோட கஷ்டத்தை நீங்க சொல்லுங்க பாப்போம்."

ஸக்கரியா தொண்டையைச் செருமி, கையை இடுப்பில் வைத்து, குரலை மெல்லிசாக்கி, "அய்யோ, என் ஸ்கூட்டி! அய்யோ, என் சாரி!" என்றார்.

"பாத்தீங்களா சேர், நக்கல்!" தக்ஷாயினியின் முகம் சிவந்துவிட்டது. "இப்ப நான் சொல்றேன். அல்லாவே, என்ட மிளகு! நான் மட்டும்தான் மாத்தளையில மிளகு விக்கிற!"

கோபம் இறங்கவில்லை, ஏறியது. இராசலிங்கத்துக்கு வியர்த்தது. வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் பாதையைக் கீறினார். "மிளகுப் பாய்க்கு இந்தப் பாதி. ஸ்கூட்டிக்கு அந்தப் பாதி. சரிதானே?"

"அந்தப் பாதி எங்க இருக்கு? டீச்சர்ட மதில் அரை அடி பாதைக்குள்ள நிக்குது!"

"என்ன? மதிலா? எங்கப்பா கட்டின மதிலையா சொல்றீங்க?"

இதுவரை மிளகுதான் பிரச்சினை. இப்போது மதிலும் சேர்ந்துகொண்டது. ஸக்கரியா பலகையில் மதிலை அழித்தார். தக்ஷாயினி திரும்பக் கீறினார். இரண்டாவது தடவை கீறியபோது மதில் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

இராசலிங்கம் வெண்கட்டியைப் பிடுங்கி வைத்தார். அண்ணனோடும் இப்படித்தான் ஒரு கோட்டில் தொடங்கியது.

"ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் பேசுவோம்," என்றார். சத்தம் போட்டு ரிஸ்வியிடம் சொன்னார். ரிஸ்வி ஒரு கையில் தட்டும் மறு கையில் ஃபைலுமாக வந்தார். "சேர், அந்த ரெண்டு பேரும்..."

"டீயை வச்சிட்டுப் போங்க! அந்த ஜன்னலடியில நிக்கிற ஆக்களையும் விரட்டுங்க. வேடிக்கை பாக்கவா வந்தாங்க?"

தட்டில் ஒரே ஒரு சீனி உருண்டை இருந்தது. இராசலிங்கம் அதை டீச்சர் பக்கம் நகர்த்தினார். செய்தது பிழை என்று உடனே தெரிந்தது.

"எனக்கு சீனி வருத்தம், டயபிட்டிஸ்னு யாரு சொன்ன?" என்று ஸக்கரியா கேட்டார்.

"எனக்கு மட்டும் குடுத்து என் வாயை அடைக்கவா பாக்குறீங்க?" என்று தக்ஷாயினி கேட்டார்.

அதோடு இராசலிங்கத்தின் பொறுமை போய்விட்டது. மேசையில் ஓங்கி அடித்தார். மூன்று கோப்பையும் துள்ளின.

"போதும்! நான் என் சொந்த அண்ணனை ஒரு கிணத்துக்காகப் பறிகொடுத்தவன். அவரோட செத்த வீட்டில அழக்கூட எனக்கு முகம் இருக்கல்ல. உங்களுக்கும் அதுதான் வேணுமா? இணக்கம் இல்லைன்னு சான்றிதழ் எழுதித் தாறேன். ரெண்டு பேரும் மாத்தளைக் கோர்ட்டுக்குப் போங்க!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இராசலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது. பலித்துவிட்டது என்றுதான் நினைத்தார்.

"கோர்ட்டா?" என்றார் ஸக்கரியா மெதுவாக. "ரெண்டு கிலோ மிளகுக்கா?"

"எங்களைக் கோர்ட்டுக்கு அனுப்ப நீங்க யாரு சேர்?" என்றார் தக்ஷாயினி.

"பாவம் மனுசன்னு பாத்தா, ஒரு டீச்சர்கிட்ட இப்பிடியா கத்துற?"

"நானாவுக்கு வயசாச்சு. அவர் முன்னால மேசையில அடிக்கிறீங்க!"

"நான் கத்துறேனா? நீங்க ரெண்டு பேரும்தான்..." என்று இராசலிங்கம் கத்தினார். ஸக்கரியாவும் கத்தினார். தக்ஷாயினி இருவரையும் மிஞ்சினார். யார் யாரோடு சண்டை பிடிக்கிறார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. முதல் வழக்கே கையை விட்டுப் போய்விட்டது என்று இராசலிங்கத்துக்கு அழுகை முட்டியது.

ரிஸ்வி இந்தத் தடவை கதவைத் தட்டவில்லை. நேராக வந்து மேசையில் ஒரு தாளை வைத்தார். அதன் அடியில் ஏற்கெனவே இரண்டு கையெழுத்து இருந்தது.

"சேர், கேஸ்காரங்க ரெண்டு பேரும் காலையிலிருந்து ஜன்னலடியில நின்னு உங்க சண்டையைப் பாத்துப் பயந்து, தாங்களே பேசித் தீத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. இனி மத்தியஸ்தர் நீங்க மூணு பேரும் கையெழுத்து வச்சா சரி."